ஒரே எண்ணில் இரண்டு பேர்

எனக்கு யாரையும் காக்க வைக்கப் பிடிக்காது. கடையில் எனக்குப் பின்னால் நிற்பவர் கையில் ஒரே ஒரு பால் கேன் இருந்தால், அவரை முன்னால் விட்டுவிடுவேன்.

அமெரிக்காவில், டெக்சஸின் சுகர் லேண்டில் எங்கள் மருத்துவமனையின் நோயாளிக் கோப்புகளைக் கணினியில் பராமரிப்பது என் வேலை. ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை எண் கொடுக்கலாம். தேடினால் சட்டென்று வரும்; அந்த வேகத்தை மேலிடத்துக்கு நான் வரைபடம் போட்டுக் காட்டுவேன். அல்லது உலகில் வேறு யாருக்கும் வராத முப்பத்தாறு எழுத்து அடையாளம் ஒன்றைக் கணினியே உண்டாக்கும். அது கொஞ்சம் மந்தம். என் குழுவிலிருந்த ப்ரியம்வதா அந்த நீளமானதைக் கேட்டாள்.

"நாளைக்கே இன்னொரு கிளினிக்கை மெர்ஜ் பண்ணா, ரெண்டு பேஷண்ட்டுக்கு ஒரே நம்பர் வந்து நிக்கும், பத்மநாபன்."

"அரை செகண்ட் லேட்டாகும்மா. நர்ஸ் பாவம் இல்லையா?"

"நர்ஸ் பாவமா, உங்க ஸ்பீட் சார்ட் பாவமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் கர்வம் குறையட்டும் என்று அன்று பிரார்த்தித்துக்கொண்டேன். வரிசை எண்ணையே வைத்தேன்.

சென்ற மார்ச்சில் பக்கத்து கிளினிக்கை எங்களோடு இணைத்தார்கள். அவர்களிடமும் வரிசை எண்தான். இணைக்கும் முன் கணினி ஒரு பட்டியல் காட்டியது: ஒவ்வோர் எண்ணிலும் இரண்டு பேர். எல்லா எண்களையும் மாற்ற மூன்று வாரம் ஆகும். ப்ரியம்வதா சொன்னது சரி என்று எல்லோர் முன்னிலும் ஒப்புக்கொள்ளவும் வேண்டும். அது அவளுக்கு நல்லதல்ல. பெயர் எங்களுடையது இருக்கட்டும், ஒவ்வாமைக் குறிப்பில் எது புதிதோ அது இருக்கட்டும் என்று கட்டளை கொடுத்தேன்.

தேவநேசன் என்பவருக்குப் பென்சிலின் ஆகாது. அவர் எண்ணில் இருந்த அந்நியருக்கு எல்லாம் ஆகும்; அந்நியரின் குறிப்புதான் புதிது. தேவநேசன் தொண்டைப் புண்ணோடு வந்தார். கோப்பில் இருக்குமே என்று அவரும் வாய்திறந்து சொல்லவில்லை. ஊசி போட்டார்கள். திரை கண்ணிமைக்கும் நேரத்தில் திறந்தது என்று நர்ஸே விசாரிக்க வந்த உங்களிடம் சொல்லியிருப்பாள்.

அடக்கத்துக்குப் போனேன். வீட்டாருக்குச் சாம்பார் சாதம் செய்து எடுத்துப்போனேன். அவர் மனைவி யூனிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஹாஸ்பிடல்லேர்ந்து நீங்க ஒருத்தர்தாண்ணா வந்தீங்க" என்று அழுதாள்.

ஆம், தெரிந்துதான் செய்தேன். அந்தப் பட்டியலில் ஒவ்வாமைக் குறிப்பு மாறிப்போனவர்கள் இன்னும் முந்நூற்றுப் பதினோரு பேர் இருக்கிறார்கள். அவர்கள் குறிப்புகள் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கின்றன. எல்லோரும் நல்ல மனிதர்கள். வீணாகப் பயமுறுத்த எனக்கு மனம் வரவில்லை.