விடைத்தாள் ஓரத்துப் பென்சில் எழுத்து

“சண்டை போட்டுட்டு மறுபடி எப்புடிங்க மிஸ் பேசறது?” என்று ஆறாம் வகுப்புக் குழந்தை ஒன்று ஒருமுறை என்னிடம் கேட்டது. விடுதிக் காப்பாளர் வேலையோடு சனிக்கிழமை நல்லொழுக்க வகுப்பும் எனக்குத்தான். தப்பை ஒப்புக்கொள், காரணம் சொல்லாதே, அடுத்தவர் கோபம் ஆற நேரம் கொடு என்றேன். பெரிய வகுப்புகளுக்கும் அதையேதான் சொல்லிவந்தேன். சொன்னபடி நடந்துகொண்டவன் ஒருவன்தான். பன்னிரண்டாம் வகுப்பு சந்தோஷ்குமார், அதே வகுப்பு நித்யஸ்ரீயிடம்.

நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளின் கட்டுப்பாடு உங்களுக்குத் தெரிந்திருக்கும். பையன்களும் பெண்களும் பேசக்கூடாது. கட்டடமே வேறு வேறு. ஆனால் வாரத் தேர்வு விடைத்தாள்களை மட்டும் மாற்றித் திருத்துவார்கள், சிநேகிதத்துக்காக யாரும் மதிப்பெண் கூட்டிப் போட்டுவிடக் கூடாதென்று. யார் தாளை யார் திருத்துவது என்பது வருடம் முழுக்க மாறாது. அந்தக் கட்டைச் சுமந்துகொண்டு மைதானத்தைக் கடப்பவள் நான்.

திருத்துவது சிவப்புப் பேனாவில். ஒருவர் தாளை ஒருவர் திருத்திய இவர்கள் இருவரும் ஓரத்தில் பென்சிலாலும் எழுதினார்கள். காய்ச்சல் விட்டதா, ஏழாவது கணக்கை மறுபடி போட்டுப் பார், இவ்வளவுதான். அசிங்கமாக ஒரு சொல் கிடையாது. ஆனி மாதத்திலிருந்து எல்லாவற்றையும் நான் படித்தேன்.

“ஏனுங்க மிஸ், கட்டு வந்துருச்சுங்களா?” என்று நித்யஸ்ரீ வாசலிலேயே நிற்பாள்.

“பேப்பரத் தின்னுபோட்டுத்தான் இவ சோறு திம்பாளாமா,” என்று மற்ற பெண்கள் சிரிப்பார்கள்.

அப்போதெல்லாம் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. துடைத்த சன்னலையே மறுபடி துடைப்பேன். சாமிக்கு விளக்கேற்றிக் கண்ணை மூடினாலும் மனம் அந்தக் கட்டைச் சுற்றியே அலையும்.

ஐப்பசியில் அவர்களுக்குள் ஒரு சின்னச் சண்டை. நித்யஸ்ரீயின் அப்பா கந்தவேல் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். “பரீட்சை நடுவுல கோழிக்குத் தீனி வெக்கப் போயிட்டியா?” என்று சந்தோஷ் விளையாட்டாக எழுதிவிட்டான். எங்கப்பாவைக் கேலி பண்ணாதே என்று அவள் எழுதினாள். அடுத்த கட்டில் அவன் பதில் வந்தது. “கேலி பண்ணியது தப்பு. காரணம் சொல்லமாட்டேன். உன் கோபம் ஆறுகிறவரை காத்திருக்கிறேன்.”

மைதானத்து நடுவில் நின்று அதை மூன்று முறை படித்தேன். பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் என்னிடம் அப்படி ஒரு வரி யாரும் சொன்னதில்லை. பிறகு ரப்பரால் அழித்தேன். இந்த வயதுப் பிரியம் வலிக்காமல் முடியட்டுமே என்று செய்த சிறு உதவி அது.

முடியவில்லை. அவள் தினமும் எதிர்பார்த்தாள், அவன் வாராவாரம் எழுதினான். ஐந்து வாரம் அழித்தேன். ஆறாவது வாரம் அழித்த இடத்தில் அவன் கையெழுத்திலேயே எழுதினேன். “கோழிப்பீ நாத்தம் அடிக்கிறவளுக்குப் படிப்பு எதுக்கு?” எழுத்து பிசகாமல் வந்தது.

அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பால்சோறு பிசைந்து நானே ஊட்டிவிட்டேன். அந்தத் தாளை முதல்வரிடம் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான்.

“கண்டவங்கிட்டப் பேச்சு வாங்கறதுக்கா உன்னைய இங்க உட்டேன்? படிச்சது போதும், பொட்டியக் கட்டு சாமி,” என்றார் கந்தவேல். பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம் இருந்தது. தை பிறந்ததும் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

சந்தோஷை விசாரித்தார்கள். “சாமி சத்தியமா நான் எழுதலீங்க. மிஸ், நீங்களாச்சும் சொல்லுங்க,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். “பொறுமையா இரு சாமி,” என்றேன்.

அவனை நீக்கிய அன்று மதியம் அவன் அப்பா அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவனும் உள்ளே நின்றான். பெட்டி வராந்தாவில் தனியாக இருந்தது. ஆறு வாரம் பதிலுக்குக் காத்திருந்த பிள்ளை. அவனுக்கு நான் ஒரு பதில் கடன்பட்டிருந்தேன். அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நித்யஸ்ரீயின் கையெழுத்தில், பென்சிலால் எழுதி, அவன் இயற்பியல் புத்தகத்துக்குள் வைத்தேன்.

“நீ எழுதியதை மன்னித்துவிட்டேன்.”

யாரும் பார்க்கவில்லை. நல்லது செய்யும்போது யாரும் பார்க்கக்கூடாது என்று பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறேன்.