சாவிக்காரி இல்லாத புத்தகம்

வேட்டைக்காரிக்கு எந்தத் தோளில் தழும்பு என்பது அந்தக் கதையை எழுதுகிறவருக்கே நினைவிருப்பதில்லை. முதல் பாகத்தில் இடது தோள், மூன்றாம் பாகத்தில் வலது தோள், ஐந்தாம் பாகத்தில் அது எப்படியோ முழங்கைக்கு இறங்கிவிட்டது. இரத்தக்காட்டேரிக்குக் கண்ணாடியில் உருவம் விழாது என்று சட்டம் போட்டவரும் அவர்தான், நான்காம் பாகத்தில் காட்டேரியைக் கண்ணாடி முன் நிறுத்தித் தலை சீவ வைத்தவரும் அவர்தான். இதையெல்லாம் பிடித்துச் சரிசெய்வது என் வேலை. நான் பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள். வேலையில் என் மேல் இதுவரை ஒரு குறை வந்ததில்லை. வேண்டுமானால் அங்கே விசாரித்துக்கொள்ளுங்கள்.

தொடரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால்தான் மற்றது உங்களுக்குப் புரியும். ஒரு பெரிய நகரம். இருட்டினால் அங்கே மனிதர்களோடு இரத்தக்காட்டேரிகளும் தெருவில் நடமாடும். அவற்றை வேட்டையாடுவது ஒரு பெண்ணின் தொழில். அவள் கொல்ல வேண்டியவர்களில் ஒருவன் மேலேயே அவளுக்குக் காதல். அவனைக் கோமான் என்பார்கள். பாகத்துக்கு ஒரு தடவை அவன் நெஞ்சில் மர ஆப்பை வைப்பாள், அடிக்க மாட்டாள். இதைப் பெண் பெயரில் எழுதுகிறவருக்கு மீசை உண்டு. ஆனால் ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள்.

முன்பு மெய்ப்புத் திருத்துவதை இரண்டு பேர் சேர்ந்து செய்வோம். ஒருவர் மூலத்தை உரக்க வாசிப்பார், மற்றவர் அச்சான தாளைப் பார்த்துக்கொண்டே வருவார். நான் வாசிக்கிறவள். பிறகு கணினி வந்தது, என் ஜோடியை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒருத்தி கண்ணால் பார்த்தாலே போதும் என்றார்கள். அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை மாலை கதவைச் சாத்தினால் திங்கள் காலை வரை என் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே வராது. திங்களன்று அலுவலக வாசலில் காவலாளிக்கு வணக்கம் சொல்லும்போது தொண்டை கரகரக்கும். சளியா என்று கேட்பார். ஆமாம் என்பேன்.

அக்கா என்று நான் கூப்பிட்டவர் எனக்கு நேர் மேல்மாடியில் தனியாகக் குடியிருந்தார். ரயில் நிலையத்தில் வண்டி வரும் நேரத்தை ஒலிபெருக்கியில் அறிவிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, கையிலிருந்த புத்தகத்தை நீட்டினார்.

"இது எத்தனாவது பாகம்னு கொஞ்சம் பாத்துச் சொல்லும்மா. எழுத்து ஒண்ணும் பிடிபடல."

"ஆறாவது. நான்தான் இதைத் திருத்தினேன்."

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அப்ப கோமான் சாகறானா இல்லையா, அதை மட்டும் சொல்லிடு. மிச்சத்தைச் சொன்னா உன்கூடப் பேச மாட்டேன்."

என்னோடு பேச மாட்டேன் என்று ஒருவர் மிரட்டி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. சிரித்துவிட்டேன். அன்று மாலையே மேலே போய் வாசிக்க ஆரம்பித்தேன்.

அவருக்குக் கண்ணில் அழுத்த நோய். பார்வை ஓரத்திலிருந்து உள்நோக்கிக் குறைந்துகொண்டே வரும். போனது போனதுதான், மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். அக்காவுக்குக் கை நடுங்கும், மருந்து கன்னத்தில் வழிந்துவிடும். அதனால் வாசித்து முடித்ததும் நானே போட்டுவிட்டேன். "எரியுதும்மா" என்று முகத்தைச் சுளிப்பார். "எரிஞ்சாத்தான் மருந்து" என்பேன். இரண்டு பேரும் சிரிப்போம்.

காதால் கேட்பதில் தேர்ந்தவர். நான் அவசரமாக வாசித்தால், "மூச்சு விட்டுப் படிம்மா, வண்டி ஒண்ணும் கெளம்பிடாது" என்பார். நான் கதவருகே நின்று அவர் கூப்பிடும் வரை காத்திருப்பது அவருக்கு வேடிக்கை. "வான்னு சொன்னாத்தான் வருவியா? நீயும் அந்தக் கோமான் ஜாதியா?" என்று கேலி செய்வார். கதையில் காட்டேரிகள் அழைக்காத வீட்டுக்குள் நுழைய முடியாது. என் பழக்கம் அதனால் வந்ததல்ல. யாரும் கூப்பிடாத இடத்துக்குப் போய் எனக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

ஏழாம் பாகத்தில் ஓர் இடம் வருகிறது. வேட்டைக்காரி அடிபட்டுத் தன் அறைக்குத் திரும்புகிறாள். அவளைத் தேடி யாரும் வரவில்லை. இதை அந்த மீசைக்காரர் இரண்டு வரியில் முடித்துவிட்டு, அடுத்த அத்தியாயத்தில் கோமானின் மார்பை வர்ணிக்கப் போய்விட்டார். அலுவலகத்தில் அதை அப்படியேதான் விட்டேன், காற்புள்ளியைக்கூடத் தொடவில்லை. அக்காவுக்கு வாசிக்கும்போது மட்டும் என்னால் அப்படி விட முடியவில்லை. யாரோ கதவைத் தட்டினார்கள் என்று வாசித்தேன். கீழ் மாடியில் குடியிருந்து, அந்தக் கட்டடத்தின் சாவிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஒருத்தி வெந்நீரும் துணியும் கொண்டு வந்தாள். ஒன்றும் கேட்காமல் காயத்தைத் துடைத்தாள்.

"யாரு இவ? புதுசா இருக்காளே" என்றார் அக்கா.

"சாவிக்காரி."

"நல்லாருக்கா. திரும்ப வருவாளா?"

வந்தாள். எட்டாம் பாகத்தில் அத்தியாயத்துக்கு ஒரு தடவை வந்தாள். வேட்டைக்காரியின் கத்தியைத் தீட்டிக் கொடுத்தாள், மழையில் குடையோடு நின்றாள், அவள் எப்போது திரும்பினாலும் மாடி விளக்கை அணைக்காமல் வைத்திருந்தாள். நிறுத்தாமல், தாளைப் பார்த்தபடியே, ஒரே குரலில் இதையெல்லாம் சொல்வேன். திருத்துகிறவளுக்கு இது பெரிய வித்தையில்லை. எழுதினவர் விட்டுவிட்டதை எடுத்து வைக்கிறோம் என்ற நினைப்புத்தான் எனக்கு.

ஒரு நாள் அக்கா சொன்னார்: "கோமானாவது கீமானாவது. அவ அடிபட்டுக் கெடந்தப்போ வந்தானா? சாவிக்காரிதான் வந்தா. அவளுக்கு இவளை எவ்வளவு பிடிச்சிருக்கு பாரு. வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்கறா."

அன்று கீழே வந்து விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான். என்னைப் பற்றி அப்படி ஒருவர் பேசியதே இல்லை.

பிறகு மருத்துவர் ஒரு கருவியைப் பற்றிச் சொன்னார். புத்தகத்தை அதன் அடியில் வைத்தால் எழுத்தைத் திரையில் உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டும். மிச்சமிருக்கும் பார்வைக்கு அது தாராளமாகப் போதும், மருந்தை மட்டும் விடாமல் போட்டு வர வேண்டும் என்றார். பதிந்து வைத்தால் வந்துசேர மாதக்கணக்கில் ஆகும். அக்கா அங்கேயே பதிந்துவிட்டார். வரும் வழியில் பேருந்தில் என் கையைத் தட்டிக்கொண்டே வந்தார்.

"இனிமே உனக்குத் தொல்லை இல்லம்மா. நானே படிச்சுப்பேன். மெஷின் வந்ததும் மொதல்ல என்ன பண்ணப் போறேன் தெரியுமா? ஏழாம் பாகத்தை எடுத்து, சாவிக்காரி வர்ற எடத்தையெல்லாம் ஒவ்வொண்ணா நானே பாத்துப் படிக்கப் போறேன்."

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். முயன்றேன். மறுநாளே, "அக்கா, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். "சொல்லு" என்று முகத்தை என் பக்கம் திருப்பினார். அந்த முகத்தைப் பார்த்தேன். "டீ ஆறிடப் போகுது" என்றேன்.

சொல்லியிருந்தால் அவர் மன்னித்திருப்பார். அது எனக்கு அப்போதே தெரியும். மன்னித்துவிட்டு, கருவியில் தானே படித்திருப்பார். நான் எப்போதாவது எட்டிப் பார்க்கிற கீழ்வீட்டுப் பெண்ணாக ஆகியிருப்பேன். அவருக்குக் கதை இருந்திருக்கும், எனக்குப் பழையபடி அந்தப் பேச்சில்லாத வெள்ளிக்கிழமைகள் இருந்திருக்கும்.

நாளெல்லாம் தாளைப் பார்ப்பதால் எனக்குக் கண் வறண்டுபோகும். அதற்கு நானும் ஒரு சொட்டு மருந்து வைத்திருக்கிறேன். ஏறக்குறைய வெறும் தண்ணீர்தான். யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யாது. அக்காவின் பாட்டிலைக் காலி செய்து அதில் இதை நிரப்பினேன். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அன்று மருந்து போட்டதும் அக்கா கண்ணைக் கொட்டிக்கொட்டிப் பார்த்தார்.

"எரியவே இல்லையே."

"உங்களுக்குப் பழகிடுச்சுக்கா."

"உன் கை பழகிடுச்சு" என்று என் கன்னத்தைத் தொட்டார்.

புது மருந்து வாங்கும்போதெல்லாம் அதையே செய்தேன். பரிசோதனைக்கு நான்தான் கூட்டிப் போனேன். மருந்து தவறாமல் போடுகிறீர்களா என்று மருத்துவர் கேட்டார். ஒரு நாள்கூட விட்டதில்லை, என் கையாலேயே போடுகிறேன் என்றேன். அவர் அளவைக் கூட்டினார், இன்னொரு மருந்தைச் சேர்த்தார். அந்தப் பாட்டிலிலும் தண்ணீரை நிரப்பினேன். சிலருக்கு இந்த நோய் எதற்கும் அடங்காது என்று அவர் வருத்தப்பட்டார். எனக்கும் வருத்தமாக இருந்தது. அந்த வருத்தத்தில் பொய் இல்லை.

கருவி ஒரு மழை நாளில் வந்தது. கொண்டு வந்த ஆளே மேசை மேல் பொருத்தி, ஏழாம் பாகத்தை விரித்து வைத்துவிட்டுப் போனார். அக்கா தலையை வாரிக்கொண்டு வந்து அதன் முன் உட்கார்ந்தார். திரையில் மூக்கு படும் அளவுக்குக் குனிந்தார்.

"வெளிச்சம் தெரியுது" என்றார். "எழுத்து எங்கம்மா இருக்கு?"

திரை முழுக்க எழுத்துத்தான் இருந்தது. அவர் விரலை எடுத்து அதன் மேல் வைத்தேன். விரலால் துழாவினார். பிறகு தானே சுவிட்சைத் தேடி அணைத்துவிட்டு, "நீயே படி" என்றார். அன்றைக்குப்போல நான் என்றும் வாசித்ததில்லை. கருவியின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடி வைத்தோம்.

அவருடைய தங்கை வேறு ஊரில் இருப்பவர். பார்வை சுத்தமாகப் போய்விட்டது என்று கேள்விப்பட்டு லீவு போட்டுக்கொண்டு வந்தார். நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், அக்காவைக் குஷிப்படுத்தலாம் என்று ஏழாம் பாகத்தை எடுத்து வாசித்திருக்கிறார். வேறொருவர் எடுத்து வாசித்துவிடலாம் என்று நான் யோசிக்காமல் இல்லை. அந்தத் தங்கைக்குப் புத்தகம் என்றாலே வேப்பங்காய் என்று அக்கா சொல்லியிருந்தார், அதை நம்பிவிட்டேன்.

மாலை போனபோது கதவு திறந்தே இருந்தது. வழக்கம்போல வாசலில் நின்றேன். யாரும் வா என்று சொல்லவில்லை. தங்கை மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"சாவிக்காரி எந்தப் பக்கத்துல இருக்கா?" என்று அக்கா கேட்டார். கோபமே இல்லாத குரல். வண்டி தாமதம் என்று அறிவிக்கிறவர் குரல்.

"புத்தகத்துல இல்லக்கா. அவ நான் சேத்தவ."

"எல்லா எடத்துலயுமா?"

"எல்லா எடத்துலயும்."

தலையை ஆட்டிக்கொண்டார். இதோடு முடிந்தது, அழுதால் சமாதானமாகிவிடுவார் என்று எனக்கு நம்பிக்கை வந்தது. அவர் முகம் மெல்ல மாறியது.

"முன்னாடி அந்த மருந்து எரியும்" என்றார். "மெஷினுக்குச் சொல்லி வச்ச சமயம் எரியறது நின்னுடுச்சு. உன் கை ராசின்னு எத்தனை பேர்கிட்ட சொன்னேன்." பிறகு தங்கை பக்கம் திரும்பினார். "அந்தப் பாட்டிலை எடுத்துக்கோ. நாளைக்கு டாக்டர்கிட்ட குடு. இவ கையில தராதே."

மிச்சம் உங்களுக்குத் தெரியும். ஒன்றையும் மறுக்கவில்லை. மருந்தை மாற்றியது நான்தான், தெரிந்தேதான் மாற்றினேன், பார்வை போகும் என்று அறிந்தேதான் மாற்றினேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. இனி பார்வை திரும்புமா என்று நீங்கள் விசாரணையில் மருத்துவரைக் கேட்டபோது நானும் அந்த அறையில் இருந்தேன். திரும்பாது என்றார். மனசு கனத்தது. மறைக்காமல் சொல்லச் சொன்னதால் இதையும் சொல்கிறேன்: அப்படியானால் வாசித்துக் காட்ட ஒருவர் வேண்டும் என்றும் அப்போது நினைத்தேன்.

அக்கா உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டாராம். இந்தப் பெண்ணின் குரல் இனி என் வீட்டில் கேட்கக் கூடாது என்று. எழுதிக்கொள்ளுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அவர் கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை. தங்கையின் லீவு முடிந்துவிடும். அப்புறம் அந்த வீட்டில் அவர் தனியாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு எத்தனை வருடம் தண்டனை கொடுத்தாலும் பரவாயில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் அடித்தொண்டையில், நிறுத்தி நிறுத்திப் பேசிப் பழகி வருகிறேன். வேறு யாரோ ஒருத்தியாகத்தான் அவர் வாசலில் போய் நிற்பேன். அவருக்கு எங்கே தெரியப் போகிறது?