தேவதாஸ் விற்ற கார்டு

பழைய கார்டு வாங்குவதில் தப்பு ஒன்றும் இல்லை, சார். முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

சேதராப்பட்டில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் தேவதாஸை நேற்று இந்த ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, நாலு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தீர்களாம். அவர் கெட்டுப்போன கார்டை விற்றதால்தான் செத்துப்போன தன் மனைவியின் வீடியோக்கள் அழிந்துபோயின என்று இனியவன் எழுதிக் கொடுத்திருக்கிறான். இனியவன் என் தங்கை புருஷன். தேவதாஸிடம் அந்தக் கார்டை வாங்கியவன் நான். பொருத்தியவனும் நான். பதினாறு வருஷமாக ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். நான் தேர்ந்தெடுத்த பொருளை யாராவது குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. அதனால்தான் நானே வந்தேன்.

கம்பெனிகள் ஐந்து வருஷம் ஆனதும் சர்வரைக் கழித்துக்கட்டிவிடும். அதிலிருந்து கழற்றிய ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் கார்டு பழைய சாமான் கடைக்கு வரும். டிஸ்க்குகளைக் கம்ப்யூட்டரோடு இணைப்பது அதுதான். புதிதின் விலையில் பத்தில் ஒரு பங்குதான், ஆனால் உழைக்கும். அதற்கு ஒரே ஒரு குணம் உண்டு, சூடாகும். கம்பெனி சர்வருக்குள் காற்று பேய் மாதிரி அடிக்கும். வீட்டுப் பெட்டியில் அந்தக் காற்று கிடையாது. அதனால் கார்டின்மேல் உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு ஃபேனை வைத்துக் கட்டுவோம். தொழில் தெரிந்தவன் எவனும் அதை மறக்கமாட்டான். நானும் மறக்கவில்லை.

என் தங்கை சுடர்விழி முந்தின வருஷம் ஐப்பசியில் டெங்குவில் போனாள். காய்ச்சல் வந்து மூன்றாம் நாள்தான் இனியவன் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். முதல் நாளே போயிருக்கலாம். நான் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை, இப்போதும் சொல்லவில்லை.

மகள் கலைமகளுக்கு அப்போது மூன்று வயது. சுடர் தன் ஃபோனில் எடுத்து வைத்திருந்த வீடியோக்கள் மொத்தம் இருநூற்றுப் பதினெட்டு. குழந்தைக்குச் சோறு ஊட்டுவது, தலை சீவுவது, பீச்சில் பஞ்சுமிட்டாய்க்கு அழுகிறவளைக் கேலி செய்வது, காக்காயைப் பற்றித் தானே இட்டுக்கட்டிய ஒரு பாட்டு. ஃபோன் எப்போது வேண்டுமானாலும் உயிரை விட்டுவிடும், பத்திரமாக எங்காவது வைத்துக் கொடுங்கள் என்று இனியவன் கேட்டான். முத்தியால்பேட்டையில் அவன் வீட்டு அலமாரியில் ஒரு சர்வர் கட்டிக் கொடுத்தேன். இரண்டு டிஸ்க், ஒன்றில் இருப்பது அப்படியே மற்றதிலும் இருக்கும். மூன்றாவதாக ஒரு டிஸ்க்கில் நகல் எடுத்து, கனகசெட்டிக்குளத்தில் என் வீட்டில் வைத்துக்கொண்டேன். ஃபோன் அடுத்த மாசமே போய்விட்டது. சாயங்காலம் சோறு சாப்பிடும்போது கலைக்கு டி.வி.யில் அம்மா வர வேண்டும். வராவிட்டால் வாயைத் திறக்கமாட்டாள்.

ரெண்டு டிஸ்க் இருக்கு, பயமே இல்லை என்று இனியவன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வான். இந்த வேலையில் புதிதாக இறங்குகிற எல்லாரும் சொல்வது இதுதான். மாடு இரண்டானாலும் கட்டியிருப்பது ஒரே முளையில். இரண்டு டிஸ்க்குக்கும் வழி அந்த ஒரே கார்டு. இதை நான் அவனுக்குச் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பது அவன் விஷயத்தில் பலித்தது. சுடரின் வருஷத் திதி முடிந்து அடுத்த தை மாசமே நிர்மலாவைக் கட்டிக்கொண்டு வந்தான்.

மூத்தாள் பிறந்த வீட்டுக்கு இளையாள் மகளாக வந்து போவது எங்கள் பக்கத்து முறை. வந்தாள். என் அப்பா ராஜாங்கத்தின் காலில் விழுந்தாள். சுடரே திரும்பி வந்த மாதிரி இருக்கிறது என்று அப்பா அழுதார். தான் வேலை பார்த்த மில் மூடிய அன்றைக்குக்கூட அழாத மனிதர்.

என் பக்கம் திரும்பி, "எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்ல. இனிமே நீங்கதான் எனக்கு அண்ணன்" என்றாள்.

புடவை எடுத்துக் கொடுத்தேன். நான் முறை தவறுகிறவன் இல்லை.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். டி.வி.யில் சுடர் காக்காய்ப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். நிர்மலா அதை நிறுத்தி நிறுத்திப் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து திருத்தியது.

"அப்பிடி இல்லம்மா. அம்மா இழுத்துப் பாடும்."

இரண்டு பேருக்கும் அம்மா என்ற ஒரே வார்த்தை. நிர்மலா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "நான் பாடுனா ரெண்டு வாய் கூடச் சாப்புடுதுண்ணா" என்றாள்.

பூட்டை உடைத்தால்தான் திருட்டா, சார்? பிணத்தின் கழுத்திலிருந்து சங்கிலியைக் கழற்றுகிறவனுக்குக்கூடக் கொஞ்சம் கை கூசும். இவள் சிரித்துக்கொண்டே என் தங்கையின் குரலைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு இனியவனே ஆரம்பித்தான். "அந்தப் பொட்டி ஙொய்யின்னு கத்திக்கிட்டே இருக்குது மச்சான். எதனா பண்ண முடியுமா?"

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஃபேனைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். அலமாரிக் கதவைச் சாத்தியே வைத்திருந்தால் சத்தமே கேட்காது என்று சொன்னேன். அது உண்மைதான். இனியவன் ஏ.சி. மெக்கானிக். ஊருக்கெல்லாம் குளிர் வைத்துக் கொடுக்கிறவன் தன் வீட்டு அலமாரியைத் திறந்து ஒரு தடவைகூடக் கை வைத்துப் பார்க்கவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

சர்வரில் எத்தனை பிழை சேர்ந்திருக்கிறது என்பதை என் ஃபோனிலேயே பார்க்கலாம். முதல் வாரம் ஏழு. கத்தரி வெயில் தொடங்கியதும் நாலாயிரத்தைத் தாண்டியது. காய்ச்சல்காரருக்குச் சூடு பார்ப்பது போலக் காலையும் மாலையும் பார்த்தேன். ஒரு நாளும் தவறவில்லை.

வைகாசியில் போனபோது கலை என் மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

"அம்மா மூஞ்சி கட்டம் கட்டமா வருது மாமா. அம்மாவுக்கு மறுபடி ஒடம்பு சரியில்லயா?"

வயர் லூசாக இருக்கும், சரியாகிவிடும் என்று சொன்னேன். ஆடு பகை குட்டி உறவா என்று கேட்பார்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை. கலை என்றால் எனக்கு உயிர். அன்றைக்கும் அவளுக்குப் பிடித்த பிஸ்கட் வாங்கிப் போயிருந்தேன்.

ஆனி மாசம் பாதி வீடியோ திறக்கவில்லை. இனியவன் பதறிப்போய்க் கூப்பிட்டான். போனேன். டிஸ்க்குகளை முழுக்கப் படித்துப் பார்த்து, பிழையைத் திருத்தி எழுதுகிற வேலை ஒன்று உண்டு. சூடேறிக் கிடக்கிற கார்டை வைத்துக்கொண்டு அதைச் செய்தால் நல்லதையும் கெட்டதாகத் திருத்தி எழுதும். அது எனக்குத் தெரியும். அதைத்தான் ஓட விட்டேன். ஆறு மணி நேரம் ஆயிற்று. நிர்மலா இரண்டு தடவை காபி போட்டுக் கொடுத்தாள். நல்ல காபி, அதையும் சொல்லிவிட வேண்டும். முடிந்தபோது இருநூற்றுப் பதினெட்டில் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

இனியவன் டிஸ்க்குகளைச் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு போனான். மீட்க வழியில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு என் வீட்டுக்கு வந்து, உங்களிடம் ஒரு நகல் இருந்ததே மச்சான் என்று கேட்டான். நாலு தடவை கேட்டான். கடலோரத்து வீடு, உப்புக்காற்றில் அந்த டிஸ்க்கும் செத்துவிட்டது என்றேன். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். தண்ணீர் கொடுத்தேன். கார்டு எங்கே வாங்கியது என்று கேட்டான், சொன்னேன். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு நேர்மையான வியாபாரியை ஸ்டேஷன் வரை இழுப்பான் என்று எதிர்பார்க்கவில்லை.

குழந்தை சரியாகச் சாப்பிடுவதில்லையாம். நிர்மலா பாட ஆரம்பித்தால் காதைப் பொத்திக்கொள்கிறாளாம். பார்த்தீர்களா, குழந்தைக்கே தெரிகிறது.

நான் செய்ததை ஒளிக்கவில்லை. ஃபேனைக் கழற்றியது நான். கதவைச் சாத்தச் சொன்னது நான். திருத்துகிறேன் என்று உட்கார்ந்து, தெரிந்தே அழித்ததும் நான். தேவதாஸ் விற்ற கார்டில் ஒரு குறையும் இல்லை, அவரை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது டிஸ்க் சாகவில்லை. என் வீட்டில் நன்றாக இருக்கிறது. அதை மாட்டியிருப்பதும் தேவதாஸிடம் வாங்கிய இன்னொரு கார்டில்தான், மேலே ஃபேன் ஓடுகிறது. குழந்தையிடம் கொடுத்துவிடச் சொல்வீர்கள். கொடுக்கலாம். ஆனால் நான் இன்னும் பார்த்து முடிக்கவில்லை. வேலை விட்டு வந்ததும் உட்காருவேன். இருநூற்றுப் பதினெட்டையும் மூன்று சுற்று பார்த்துவிட்டேன். கலை என்கிறாள், கலையின் அப்பா என்கிறாள், காக்கா என்கிறாள், எதிர்வீட்டுப் பூனையைக்கூடப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அண்ணா என்று ஓரிடத்திலும் வரவில்லை. கூடப் பிறந்தவள், ஒரு தடவையாவது சொல்லாமல் இருந்திருப்பாளா? அந்தக் கார்டுதான் எங்கேயோ விழுங்கியிருக்கிறது, சார்.