அண்ணன் எடுத்த பிலிம்

பிலிம் பெட்டியின்மேல் அச்சடித்திருக்கும் தேதியைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டியதில்லை. அந்தத் தேதி தாண்டியதும் பிலிம் ஊசிப்போய்விடாது. குளிர்ச்சியான இடத்தில் வைத்திருந்தால் பல வருஷம் கழித்தும் முகம் தெரியும். ஜன்னலோர வெயிலில் வைத்தால் தேதிக்கு முன்பே கெட்டுவிடும். ஸ்டூடியோ வைத்துப் பிழைத்தவன் நான், இதில் என் பேச்சை நம்பலாம்.

என் அண்ணன் கல்யாணத்துக்கு நான் போட்டவை தேதி போன பிலிம்கள். போதாததற்கு ஒரு கோடை முழுக்க ஜன்னலோரம் காய்ந்தவை. கைதவறி நடந்துவிட்டது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். படங்களில் நாற்காலி வரிசை ஓரளவுக்குத் தெரிந்தது. முகம் ஒன்றும் தேறவில்லை. "பரவால்ல தம்பி, அதான் நேர்லயே இருக்கோமே" என்று அண்ணி எனக்கு ஆறுதல் சொன்னாள். நல்ல மனசு அவளுக்கு.

அவளை முதலில் பார்த்தவன் நான். வரன் பார்க்கக் கொடுப்பதற்காகப் படம் எடுத்துக்கொள்ள அவள் என் ஸ்டூடியோவுக்குத்தான் வந்தாள். கூடுதலாக ஒரு பிரதி போட்டு அம்மாவிடம் காட்டினேன். எனக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. "நல்ல பொண்ணும்மா" என்றேன், அவ்வளவுதான். அம்மா அந்தப் படத்தை நேராகக் கொண்டுபோய் அண்ணன் கையில் கொடுத்துவிட்டாள். மூத்தவன் கல்யாணம் ஆகாமல் இருக்கும்போது இளையவன் தனக்காகப் பெண்ணைக் காட்டுகிறான் என்று யாருக்குத் தோன்றும்? அம்மாமேல் குற்றமில்லை. இரண்டு வார்த்தை கூடச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

பிரேம் போட்டுத் தருகிறேன் என்று அந்தப் படத்தையும், அவள் வீட்டிலிருந்து வந்த பிரதியையும் வாங்கிக்கொண்டேன். திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டது. அதற்குப் பிறகு வீட்டில் எதற்குப் படம் எடுத்தாலும் அதே பெட்டி பிலிம்தான். குழந்தை தவழ்கிற பருவத்தில் அண்ணி காய்ச்சலில் போய்விட்டாள். முகம் தெரிகிற மாதிரி ஒரு படம்கூட அந்த வீட்டில் இல்லை.

அண்ணன் பெண் வளர்ந்தாள். வரும்போதெல்லாம் கேட்பாள், அம்மா எப்படி இருப்பாள் என்று. பிலிம் சரியில்லாத காலம் அது என்பேன். அவளும் நம்பினாள். சித்தப்பா சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது.

போன வருஷம் அண்ணன் இறந்தான். அவனுடைய பீரோவில், மடித்த சட்டைக்குள், கழுவாத பிலிம் சுருள் ஒன்று இருந்திருக்கிறது. நான் கொடுத்த பழைய கேமராவில் அவனே எடுத்தது. இத்தனை வருஷம் அதை ஏன் என்னிடம் கழுவக் கொடுக்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை. பெண் அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தாள்.

"ரொம்பப் பழசு சித்தப்பா. வேற யார்கிட்டயும் குடுக்க பயமா இருக்கு. நீங்கதான் காப்பாத்தித் தரணும்."

இருட்டறையில் வைத்துப் பக்குவமாகக் கழுவினேன். என் வேலையில் குறை சொல்ல முடியாது. படங்கள் வந்தன. ஓரமெல்லாம் புகைமூட்டம்போல இருந்தாலும் முகம் தெளிவாக இருந்தது. நெகட்டிவில் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறித் தெரிந்தாலும் எனக்கு அது கண்ணாடி பார்ப்பது மாதிரி. அண்ணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். என் கேமராவைப் பார்த்து அவள் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

காயவைத்துத்தான் கொளுத்தினேன். ஈரத்தோடு எரியாது.

வெறுங்கையோடு அனுப்பக்கூடாதே என்று, என்னிடம் மிச்சமிருந்த தேதி போன பிலிம் ஒன்றை வெளிச்சத்தில் காட்டிக் கழுவினேன். முழுக்கக் கறுப்பாக வந்தது. அதை அவளிடம் காட்டி, ஒன்றும் தேறவில்லை என்றேன். அவள் அழவில்லை. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள்.

"இத நானே வெச்சுக்கட்டுமா சித்தப்பா? தெரியலன்னாலும் அம்மா இதுக்குள்ளதானே இருக்காங்க."

எடுத்துக்கொள் என்றேன். இப்போதும் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறாளாம்.

இதை ஆசை, பொறாமை என்று பெரிதாக எழுதிக்கொள்ள வேண்டாம். ஸ்டூடியோவில் நான் எடுத்த அவளுடைய பழைய படம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, எனக்கு வேறென்ன வேண்டும்? குறை அண்ணன் எடுத்த லட்சணத்தில்தான். சாயங்கால வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று எடுக்காதே, உன் நிழல் படத்தில் விழும் என்று அப்போதே தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே. எல்லாப் படத்திலும் அவன் நிழல் நீளமாகப் போய் அவள் காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த நிழல் விழாத படம் ஒன்றே ஒன்று இருந்திருந்தாலும் பெண்ணிடம் கொடுத்திருப்பேன்.