மூக்குப் பரீட்சை

மோலி: கண்ணைத் திறக்காதீங்க. இடது மூக்கை மூடிக்கிட்டு... ம், இழுங்க.

ஸ்டானிஸ்லாஸ்: காபிப் பொடி. தேவராஜ மார்க்கெட்ல வாங்கினது. சிக்கரி ஜாஸ்தி.

மோலி: எங்க வாங்கினதுன்னா கேட்டேன்? சரி, பாஸ்.

ஸ்டானிஸ்லாஸ்: நர்ஸைக் கட்டிக்கிட்டா ரிட்டயரானப்புறமும் வீடு வார்டுதான்.

மோலி: ஃப்ரிட்ஜுக்குள்ள சாவியை வச்சது யாரு? ஞாயித்துக்கிழமை பூசையையே மறந்தது யாரு? திங்கட்கிழமை டாக்டர் பாக்கறதுக்கு முன்னாடி நான் பாக்கணும். சில பேருக்கு மறதி வர்றதுக்கு முன்னாடியே மூக்கு மந்தமாயிடுமாம்.

ஸ்டானிஸ்லாஸ்: அட! மூக்குக்கும் ஞாபகத்துக்கும் என்ன சொந்தம்?

மோலி: அதான் எனக்கும்... பேச்சை மாத்தாதீங்க. இந்தப் பாட்டில்ல?

ஸ்டானிஸ்லாஸ்: மல்லிப்பூ. நேத்து வாங்கினது, வாடிப்போச்சு.

மோலி: வாடினதுகூடவா தெரியுது?

ஸ்டானிஸ்லாஸ்: ஏன், உனக்குத் தெரியலையா?

மோலி: எனக்குச் சளி. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாத் தட்டுங்க. அதையும் பாப்பாங்க.

ஸ்டானிஸ்லாஸ்: டக் டக் டக் டக்... எங்க, நீ தட்டு.

மோலி: இதோ... இதோ... இருங்க, மோதிரம் இடிக்குது.

ஸ்டானிஸ்லாஸ்: ம்.

மோலி: என்ன ‘ம்’? கண்ணை மூடுங்க. கடைசி பாட்டில்.

ஸ்டானிஸ்லாஸ்: பால் தீயுது.

மோலி: தப்பு! ஏலக்காய். கோட்டை விட்டீங்களா?

ஸ்டானிஸ்லாஸ்: பாட்டில்ல இல்ல மோலி... அடுப்புல.

மோலி: ஐயோ, அடுப்புலயா?

ஸ்டானிஸ்லாஸ்: இரு, நான் அணைக்கிறேன்... ஆச்சு, ஆச்சு. பாத்திரம்தான் கருகிச்சு, விடு.

மோலி: என் முதுகுக்குப் பின்னாடிதானேங்க இருக்கு அடுப்பு. நாலடிகூட இல்ல.

ஸ்டானிஸ்லாஸ்: மோலி... சாவியை நான் வேணும்னேதான் ஃப்ரிட்ஜுல வச்சேன்.

மோலி: பூசை?

ஸ்டானிஸ்லாஸ்: அதுவும் நடிப்புதான். ஃபாதர்கிட்ட பாவமன்னிப்புகூடக் கேட்டாச்சு. எனக்குன்னா நீ ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவே. உனக்குன்னா வருவியா? ஆறு மாசமா சமையல்கட்டுல உன் காலடிச் சத்தமே வேற மாதிரி கேக்குது... தேய்ச்சுத் தேய்ச்சு நடக்கறே. திங்கட்கிழமை டோக்கன் உன் பேர்லதான் போட்டிருக்கேன்.

மோலி: தெரியும். மெசேஜ் என் போனுக்குத்தானே வந்துச்சு... நல்ல மூக்குக்கு எவ்வளவு தெரியும்னு பாக்கத்தான் உங்களை உக்கார வச்சேன். காலையில நீங்க பால் வாங்கப் போனப்போ நானும் கண்ணை மூடிக்கிட்டு மோந்து பாத்தேங்க... மூணும் காலி பாட்டில் மாதிரியே இருந்துச்சு.