ப்ரீஸா நடந்ததால் சாலை மறிக்கப்பட்டது குறித்து

ஐயா, நான் சொல்ல நீங்கள் எழுத வேண்டிய வாக்குமூலத்தை நானே எழுதித் தருவதற்கு மன்னிக்கவும். நாலு பேர் முன்னால் எனக்குக் குரல் எழாது.

என் பெயர் ரொமினா பாய்வா, வயது இருபத்து மூன்று. புவெனஸ் ஐரஸ் தெற்குப் புறநகரில், லாஸ் சாசெஸ் குடியிருப்பில், மூடிக்கிடக்கும் செருப்புத் தொழிற்சாலைக்குப் பின்னால் வசிக்கிறேன். ஆசிரியர் படிப்பு முடித்திருக்கிறேன், வேலை இல்லை. எங்கள் குடியிருப்புப் பெண்கள் வேலையில்லாதோர் உதவித்தொகைக்காகக் காலையில் தெருக் கூட்டப் போகிறார்கள். போகாவிட்டால் தொகை நின்றுவிடும். அந்நேரத்தில் அவர்களுடைய பிள்ளைகளைத் தொழிற்சாலையின் பழைய கிடங்கில் நான் பார்த்துக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை, இரண்டு வயதாகியும் நடக்காதிருந்த ப்ரீஸா என்ற குழந்தை தானாக எழுந்து நடந்தாள். அவள் தாய் மிர்த்தா அடுத்த தெருவில் கூட்டிக்கொண்டிருந்ததால், அவரைக் கூப்பிட நான் வாசலில் நின்று சட்டியைத் தட்டினேன். பிள்ளைகளும் தட்டினார்கள். எங்கள் பகுதியில் சட்டிச் சத்தம் என்றால் போராட்டம் என்பது அப்போது எனக்கு நினைவில் இல்லை. அதன் பிறகு வீட்டுக்கு வீடு சட்டியோடு வெளியே வந்து, எதற்கென்று யாரும் யாரையும் கேட்காமல் சாலையை மறித்தார்கள். வேலையிழந்த பேருந்து ஓட்டுநர் ரமோன் டயர்களை உருட்டி வந்து, "கொளுத்தணுமா வேணாமா, சீக்கிரம் சொல்லுங்கம்மா, முதுகு வலிக்குது" என்றார்.

அதன் பிறகு காவல் வண்டி வந்தது. சார்ஜெண்ட் இறங்கி, கோரிக்கை என்ன என்று கேட்டார். ஒவ்வொருவரும் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். இவ்வளவு கூட்டம் சேர்ந்திருப்பதால் நல்ல கோரிக்கையாகத்தான் இருக்கும் என்று ரமோன் சொன்னார். அதற்குள் துடைப்பத்தோடு ஓடிவந்த மிர்த்தாவிடம் நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் அழுதுகொண்டே சார்ஜெண்டிடம், "எம் பொண்ணு நடந்துட்டாளாம் சார், வேற ஒண்ணும் இல்ல" என்றார்.

"எங்க, நடக்கச் சொல்லுங்க பாப்போம்" என்றார் சார்ஜெண்ட்.

ப்ரீஸாவைச் சாலை நடுவில் இறக்கிவிட்டேன். அவள் நேராக நடந்துபோய் அவருடைய பூட்ஸைப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு எல்லோரும் மறுபடி சட்டியைத் தட்டினார்கள். ஒரு காவலர் கேடயத்தைத் தட்டினார். அவர் பெயரை நான் கவனிக்கவில்லை.

டயர் எதுவும் கொளுத்தப்படவில்லை. ஆனாலும் கலவரம் தொடங்கிய இடம் என்று சொல்லி, மாலையில் காவலர்கள் கிடங்கைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டார்கள்.

இவை நான் கண்ணால் கண்டவை. படித்துப் பார்த்தேன், மாற்ற ஒன்றுமில்லை.

கையெழுத்திடும் முன் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். திங்கட்கிழமைக்குள் கிடங்கைத் திறந்துவிடுங்கள். சட்டத்தில் இடமில்லை என்றால், காலைவேளையில் மட்டும் இந்தக் காவல் நிலைய முற்றத்தைத் தாருங்கள். நிழல் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இப்போது உங்கள் ஆட்களைத் தெரியும், பயப்பட மாட்டார்கள்.

(ஒப்பம்)
ரொமினா பாய்வா