ஆஷிக் கலந்த சேறு

மிளகு மண்டியிலிருந்து நேரே மேடைக்கு வந்து, இன்னும் தும்மிக்கொண்டிருக்கும் தலைவர் வெங்கிடேஸ்வரன் அவர்களே! எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கிவிட்டு, தாம் ஐம்பது நிமிடம் முழங்கிய செயலாளர் விஸ்வேஸ்வரன் அவர்களே! மட்டாஞ்சேரித் தமிழ்ப் பெரியோர்களே! பிரியாணி வாசனைக்காக என்னைப் பொறுத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

'கடல் கடைந்து எண்ணெய் கண்ட காரிகை விஷ்ணுப்ரியா' என்று பேனர் கட்டியிருக்கிறீர்கள். கடலைக் கடைந்தது உண்மை. காரிகை என்பதும் ஒரு காலத்தில் உண்மை. எண்ணெய்? ஒரு கரண்டி கூடக் காணவில்லை ஐயா! தட்டிய கைகள் ஏன் பாதியில் நிற்கின்றன? நான் கண்டுபிடித்தேன், நம்மூர் ஆஷிக் கெடுத்தார் என்பதுதானே ஊர்ப்பேச்சு? அதைத்தான் இன்று உடைக்கப் போகிறேன்.

நான் நிலவியல் படித்தவள். நாங்கள் தேடிய கடலடியில் பாறை எப்படிக் கிடக்கிறது தெரியுமா? தரையில் விழுந்த பப்படம் போல! முறிவுக்குள் முறிவு, பிளவுக்கு மேல் பிளவு! அங்கே ஒரு பாறை மேடு. அதனடியில் எண்ணெய் தங்கியிருக்கலாம் என்று கணித்தோம். ஆனால் அதன் உச்சந்தலையில் ஒரு பிளவு. வரைபடத்தில் சிவப்புக் கோடாகப் போட்டேன். மேலதிகாரி முகம் சுளித்தார். "இந்தக் கோடு இருந்தா தோண்ட அனுமதி கிடைக்காது. எடுத்துடும்மா" என்றார்.

கோடி ஆண்டுப் பிளவைக் கண்ணிமைக்கும் நேரத்தில் வரைபடத்திலிருந்து அழித்தது யார்? கடலா? இல்லை. காலமா? இல்லை. மேலதிகாரியா? அவருக்குக் கணினியே தெரியாது! இந்த விரல். உங்கள் முன் நிற்கும் இந்தக் கோழையின் விரல்.

தோண்டினோம். தொண்ணூறு நாள் தோண்டினோம். வந்தது உப்புத் தண்ணீர்!

பின்வரிசையில் என்ன? "அப்போ எண்ணெய் எவிடெ போச்சு சேச்சி?" என்றா? மனிதன் பிறப்பதற்கு முன்பே அந்தப் பிளவு வழியாகத் தப்பிவிட்டது தம்பி!

ஆனால் விசாரணையில் என்ன எழுதினார்கள்? துளையிடும்போது உள்ளே ஒரு சேற்றுக் கலவை இறக்குவோம். அதைக் கலந்தவர் ஆஷிக். கெட்டியாகக் கலந்து எண்ணெய்ப் பாறையை அடைத்துவிட்டார் என்று சொல்லி வேலையை விட்டு அனுப்பினார்கள். அறையில் இருபது பேர் இருந்தோம். வாய் திறந்தோமா? திறந்தோம், சாயா குடிக்க! அதில் ஒரு வாய் என்னுடையது. வெட்கமாக இருக்கிறது.

நாளை மறுவிசாரணை. அழிக்காத பழைய வரைபடம் என் பையில் இருக்கிறது. மேலதிகாரி நேற்று ஃபோன் செய்து, "வேலையில இருக்கணும்னு ஆசையில்லையா?" என்றார். இருக்கிறது, சார். பயமும் இருக்கிறது. விடிவதற்குள் அந்தப் பயம் ஜெயித்துவிடக் கூடாது என்றுதான் உங்கள் காதில் போடுகிறேன். நாளை நான் பின்வாங்கினால் நடுத்தெருவில் நிறுத்திக் கேளுங்கள்.

மூன்றாம் வரிசையில் ஆஷிக்கின் தாயார் சுல்ஃபத் அமர்ந்திருக்கிறார். உம்மா, உங்கள் மகன் கலந்தது சரியான சேறு. பொய் கலந்தவள் நான். என்னை மன்னிக்கக்கூட வேண்டாம். தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போங்கள்.

கேட்ட செவிகளுக்கெல்லாம் நன்றி, வணக்கம்.